இலகுவாக்குவது வேறு, இசைய வைப்பது வேறு

"அண்ணே, இதுக்குப் போயி 350 டாலரா? எங்கிட்டச் சொல்லியிருந்தா 25 டாலர்ல முடிச்சுக் கொடுத்திருப்பேனே!"

எங்கள் சுடுதளத்துக்கு ஞாயிறுதோறும் வரும் மதுரைக்காரத் தம்பி சொன்னது இது. துப்பாக்கிகளைச் செப்பனிடும் கன்ஸ்மித்திடம் கொடுத்து வாங்கி வந்த என் ரிவால்வரை அவர் அதுவரை கையில்கூட எடுக்கவில்லை. விலையைக் கேட்டதுமே தீர்ப்பு வந்துவிட்டது. 25 டாலர் என்று அவர் சொன்னது தபாலில் வரும் ஸ்பிரிங் பொட்டலத்தை. ஹேமரை அடிக்கவைக்கும் மெயின் ஸ்பிரிங் ஒன்று, ட்ரிக்கரை முன்னால் திருப்பித் தள்ளும் சின்ன ஸ்பிரிங் இரண்டோ மூன்றோ இருக்கும். சமையலறை மேசையில் துண்டை விரித்து, வீடியோவைப் பார்த்துக்கொண்டே அரைமணி நேரத்தில் மாட்டிவிடலாம்.

தம்பி தனியாக இப்படி நினைக்கவில்லை. அமெரிக்காவில் ரிவால்வர் வைத்திருப்பவர்களிடம் பேசிப் பாருங்கள், பெரும்பாலோர் இதையே சொல்வார்கள். இந்தக் காலத்துத் துப்பாக்கியை மெஷினே துல்லியமாகச் செய்து தந்துவிடுகிறது, குறை என்றால் கம்பெனி போடும் ஸ்பிரிங் கனம் ஒன்றுதான், அதை மாற்றினால் ட்ரிக்கர் இலகுவாகிவிடும், அதற்கு மேல் கன்ஸ்மித் செய்வதெல்லாம் பணக்காரர்களின் ஆசைக்கு. இந்தப் பேச்சில் முதலிலிருந்து கடைசி வரை ஒன்றுகூடச் சரியில்லை. இதை நான் துப்பாக்கிப் பிரியனாக மட்டும் சொல்லவில்லை, ஃபிட்டராகவும் சொல்கிறேன். கோவை பீளமேட்டில் ஒரு டூல்ரூமில் 9 வருஷம் அரம் பிடித்தவன் நான். இன்றைக்கு ஒஹாயோவில் சி.என்.சி. மெஷின் ஓட்டித்தான் பிழைக்கிறேன். மெஷின் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பது எனக்குத் தினசரிச் சோறு.

ரிவால்வரின் ட்ரிக்கரை ஒருமுறை இழுக்கும்போது உள்ளே என்ன நடக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். ஹேமர் பின்னால் எழும்புகிறது, மெயின் ஸ்பிரிங் வளைகிறது. ட்ரிக்கருக்குப் பின்னால் இருக்கும் சிறு ஸ்பிரிங் அமுங்குகிறது. அதே நேரத்தில் 'ஹேண்ட்' என்ற சின்ன நாக்கு மேலேறி, சிலிண்டரின் பின்பக்கமுள்ள பல்லைத் தள்ளி அதைச் சுழற்றுகிறது. அடியில் சிலிண்டரைப் பூட்டி வைத்திருக்கும் 'ஸ்டாப்' கீழிறங்கி, பூட்டை விடுவித்து, சிலிண்டரின் மேல் உரசிக்கொண்டே போய், அடுத்த குழி வந்ததும் அதில் 'டக்'கென்று விழுகிறது. இத்தனையும் முடிந்த பிறகுதான் ஹேமர் விழ வேண்டும். ஒரு கணம் முன்னால் விழுந்தாலும் தோட்டா அறையும் குழலும் நேர்கோட்டில் இருக்காது. ஆறு தோட்டா ரிவால்வரில் அறைகள் ஆறு, பற்கள் ஆறு, குழிகள் ஆறு. ஆக அதற்குள் ஆறு தனித்தனி நேரக் கணக்குகள் ஓடுகின்றன.

இப்போது மெஷின் கதைக்கு வருவோம். சி.என்.சி. மெஷினில் வரும் ஒவ்வொரு பாகத்துக்கும் 'இவ்வளவு கூடலாம், இவ்வளவு குறையலாம்' என்று வரைபடத்தில் ஓர் அளவு விட்டிருப்பார்கள். நாக்கு அந்த எல்லைக்குள் மெலிந்த பக்கம் நிற்கிறது. பல் சற்றே தாழ்ந்த பக்கம் நிற்கிறது. சிலிண்டர் குழி ஒரு மயிரிழை தள்ளி இருக்கிறது. ஸ்டாப் நுழையும் ஃபிரேமின் சந்து கொஞ்சம் அகலம். தனித்தனியாக அளந்தால் எல்லாம் பாஸ். இன்ஸ்பெக்டர் நான்கு சீட்டிலும் கையெழுத்துப் போடுவார். நான்கையும் ஒரே ஃபிரேமுக்குள் சேர்த்தால் பிழைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்துகொள்ளும். இதைப் பிரித்து எடுக்க எந்த மெஷினாலும் முடியாது, ஏனென்றால் அந்தக் குறிப்பிட்ட நான்கு பாகங்களும் சந்திக்கப்போவது மெஷினுக்குத் தெரியாது. கோவையில் எங்கள் ஃபோர்மேன் இரண்டு பாகங்களைச் சேர்ப்பதற்கு முன் நீலம் பூசிப் பார்க்கச் சொல்வார். எங்கே நீலம் ஒட்டுகிறதோ அங்கேதான் உண்மையான தொடர்பு. டிராயிங்கில் இருப்பது நம்முடைய விருப்பம் என்பார். ரிவால்வரைச் செம்மை செய்யும் கன்ஸ்மித் செய்வது அந்த நீலம் பூசும் வேலையைத்தான்.

பழைய ரிவால்வர்களைக் கையில் வாங்கியவர்கள் 'அடடா, வெண்ணெய் மாதிரி இழுக்குதே, இதைச் செய்தவன் கன்ஸ்மித்திடமா கொடுத்தான்?' என்று கேட்பதுண்டு. அங்கேதான் சரித்திரம் மறந்துபோகிறது. ஸ்மித் அண்ட் வெஸன் நிறுவனம் 1935இல் .357 மேக்னம் ரிவால்வரைக் கொண்டு வந்தபோது ஒவ்வொன்றும் வாடிக்கையாளரின் ஆர்டருக்காகத் தனித்தனியாகச் செய்யப்பட்டது. குழல் நீளத்தை மூன்றரை அங்குலத்திலிருந்து எட்டே முக்கால் அங்குலம் வரை கால் அங்குலக் கணக்கில் சொல்லலாம். பதிவுச் சான்றிதழும் கிடைக்கும். விலை 60 டாலர், அதுவும் பொருளாதாரம் படுத்துக் கிடந்த காலத்தில். 1955இல் கோல்ட் நிறுவனம் பைத்தான் ரிவால்வரை வெளியிட்டபோது 125 டாலர். அந்த விலைக்குள் ஒரு மனிதனின் கைவேலைக்கான கூலி இருந்தது. பட்டறை பெஞ்சில் உட்கார்ந்து, நாக்கை ஒவ்வொரு பல்லுக்கும் பொருத்திப் பார்த்து, கல்லில் இரண்டு இழுப்பு இழுத்து, மறுபடி மாட்டிப் பார்த்த ஃபிட்டரின் கூலி. அந்தக் கூலி கட்டுப்படியாகாமல் போனதும் பைத்தான் நின்றுபோனதற்கு ஒரு பெரிய காரணம். 2020இல் அது திரும்பி வந்தபோது, கையால் பொருத்தும் வேலை குறையும்படி உள்ளமைப்பையே மாற்றித்தான் கொண்டு வந்தார்கள்.

ஆகவே பழைய ரிவால்வர் கன்ஸ்மித் தொடாமல் நன்றாக இருந்தது என்பது பிழை. கன்ஸ்மித் அப்போது தொழிற்சாலைக்குள்ளேயே சம்பளத்துக்கு உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். அந்த வேலை இன்றைக்கு விலையிலிருந்து கழன்று வெளியே வந்துவிட்டது. நான் கொடுத்த 350 டாலர் ஆடம்பரச் செலவு கிடையாது. துப்பாக்கி வாங்கும்போது கொடுக்காமல் விட்ட பாக்கி அது.

என் ரிவால்வரின் கதையைச் சொல்கிறேன், ஏனென்றால் நானும் முதலில் ஸ்பிரிங் பொட்டலம் வாங்கினவன்தான். கம்பெனி பெயர் வேண்டாம். .38 ஸ்பெஷல், ஆறு தோட்டா, புத்தம் புதுசு. இழுப்பு 11 பவுண்டுக்கு மேல் காட்டியது. ஹேமரை ஏற்றி வைக்காமல் ட்ரிக்கரை மட்டும் இழுத்துச் சுடும்போது இது சாதாரணம். ஸ்பிரிங்கை மாற்றினேன், இழுப்பு 8 பவுண்டுக்கு வந்தது. வீட்டில் வெறுமனே இழுத்துப் பார்த்தபோது சந்தோஷமாக இருந்தது. அடுத்த போட்டியில் 60 தோட்டாவில் மூன்று வெடிக்கவில்லை. தோட்டாவின் அடியில் அடிபட்டு வெடிக்க வேண்டிய ப்ரைமரில் ஹேமர் பட்ட தடம் இருக்கிறது, ஆனால் ஆழம் போதவில்லை. அது மட்டுமில்லை. பக்கத்துப் பெஞ்சில் நின்றிருந்த ஒருவர் கன்னத்தைத் தடவிக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தார். விரல் நுனியில் ஊசி முனை அளவு ஈயத் துணுக்கு. என் சிலிண்டருக்கும் குழலுக்கும் இடையிலிருந்து தெறித்தது. கண்ணாடி போட்டிருந்தார், பிழைத்தோம். அந்தத் துணுக்கு முன்னாலும் தெறித்துக்கொண்டுதான் இருந்திருக்கும். இழுப்பு கனமாக இருந்த வருத்தத்தில் நான் அதைக் கவனிக்கவே இல்லை.

கன்ஸ்மித் எழுபதைக் கடந்தவர். பட்டறை ஒரு பழைய களஞ்சியத்தின் பாதி. நான் எல்லாவற்றையும் ஒப்பித்து முடிக்கும் வரை கேட்டுவிட்டு, "எந்தத் தோட்டா போடுகிறீர்கள்?" என்று ஒரே கேள்வி கேட்டார். பிறகு துப்பாக்கி காலியாக இருக்கிறதா என்று இருமுறை பார்த்துக்கொண்டு ஜன்னல் ஓரம் போனார். கால்மணி நேரம் ஒரு திருகாணியைக்கூடத் தொடவில்லை. இடது கை ஆள்காட்டி விரலைச் சிலிண்டரின் மேல் பட்டும் படாமல் வைத்து, வலது கட்டைவிரலால் ஹேமரை மிக மெதுவாகப் பின்னால் ஏற்றினார். ஒவ்வொரு அறைக்கும் காதைச் சாய்த்தார். ஸ்டாப் விழும் 'டக்' சத்தம் முதலில், ஹேமர் நிற்கும் சத்தம் பிறகு. ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவதில் ஹேமர் நின்றுவிட்டது, ஸ்டாப் விழவில்லை. என் விரலைப் பிடித்துச் சிலிண்டரில் வைத்தார். ஒரு மயிரிழை தள்ளியதும் 'டக்'. அந்த அறை சுடும் நேரத்தில் பூட்டிக்கொள்ளாமலே நின்றிருக்கிறது.

"வேகமாக இழுக்கும்போது சிலிண்டர் சுழலும் வேகத்திலேயே போய்ப் பூட்டிக்கொள்ளும், அதனால் உங்களுக்குத் தெரிந்திருக்காது. நிதானமாக இழுக்கும்போது மாட்டிக்கொள்வீர்கள்" என்றார். குழலின் உட்புறத்துக்குச் சரியாகப் பொருந்தும் ஓர் எஃகுக் கம்பியை முன்னாலிருந்து இறக்கினார். மூன்று அறைகளில் அது சொய்யென்று இறங்கியது, நான்காவதன் விளிம்பில் மெல்ல முட்டியது. ஃபீலர் கேஜை எடுத்துச் சிலிண்டருக்கும் குழலுக்கும் உள்ள சந்தை அளந்தார். ஆறு தௌ, அதாவது ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் அதில் 6 பங்கு. அதில் குறையில்லை. தோட்டா அறைகளின் வாயை ஒவ்வொன்றாக அளந்தபோது இரண்டு மற்றவற்றைவிடச் சிறுத்திருந்தன. ஈயக் குண்டு அந்த இரண்டில் புகுந்து வரும்போது நசுங்கி மெலிந்து, பிறகு குழலின் வரிகளைச் சரியாகப் பற்றாமல் ஓடும். இலக்கில் என் ஆறு குண்டுகளில் நான்கு ஒரு கொத்தாகவும் இரண்டு எங்கோவும் விழுந்துகொண்டிருந்ததற்கு நான் என் கையைத்தான் இத்தனை நாள் திட்டிக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகுதான் பக்கத் தகட்டைத் திறந்தார். திறந்த விதத்தைச் சொல்ல வேண்டும். திருகாணிகளுக்கு அச்சாகப் பொருந்தும் டிரைவரால் கழற்றிவிட்டு, தகட்டை நெம்பவில்லை. பிடியின் ஃபிரேமில் டிரைவரின் மரக் கைப்பிடியால் மெல்லத் தட்டினார், அதிர்வில் தகடு தானாக மேலெழுந்து அவர் உள்ளங்கையில் விழுந்தது. அந்தத் தகடு ஃபிரேமோடு இழைந்து உட்காரும்படி செய்தது. நெம்பினால் ஓரம் மடங்கும், பிறகு ஜென்மத்துக்கும் சேராது. நான் ஸ்குரூடிரைவரை விட்டு நெம்பிய தழும்பு அதில் இருந்தது. அவர் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

என்ன செய்தார் என்று கேட்டால், நான் போட்ட ஸ்பிரிங்குகளை முதலில் எடுத்து ஓரமாக வைத்தார். கம்பெனி ஸ்பிரிங்குகளைக் கொண்டு வந்திருக்கிறேனா என்று கேட்டு வாங்கி மாட்டினார். சற்றே தடித்த புது நாக்கு ஒன்றை எடுத்து, ஆறு பல்லுக்கும் சேரும்வரை கல்லில் தீட்டித் தீட்டிப் பொருத்தினார். சிறுத்திருந்த இரண்டு அறை வாய்களையும் மற்ற நான்கின் அளவுக்கு ரீமரால் திறந்தார். குண்டு நுழையும் குழல் வாயின் சரிவை 11 டிகிரிக்கு வெட்டினார். ஹேமரின் பக்கவாட்டில் ஒரு கீறல் பளபளவென்று தெரிந்தது, ஃபிரேமில் உரசிக்கொண்டே போய்வந்த தடம். மெல்லிய வளையத்தைப் போட்டு அதை நடுவில் நிறுத்தினார். ட்ரிக்கரைத் திருப்பித் தள்ளும் ஸ்லைடின் அடிப்பக்கம் மெஷின் விட்ட பிசிறு. எண்ணெய்க் கல்லில் அதை மட்டும் எடுத்தார். ஹேமரில் ட்ரிக்கர் கொக்கி மாட்டும் குழியை அவர் தொடவே இல்லை. "அங்கே கல் வைப்பவனிடம் துப்பாக்கியைக் கொடுக்காதீர்கள்" என்றார். பழைய ஹேமர்களின் எஃகில் கடினம் தோல் போல மேலாகத்தான் ஏற்றியிருக்கும். அந்தத் தோலைத் தேய்த்துவிட்டால் உள்ளே இருப்பது மெத்து. கொஞ்ச நாளில் குழி மழுங்கி, ஏற்றி வைத்த ஹேமரைக் கட்டைவிரலால் தள்ளினாலே விழுந்துவிடும். அப்படி ஒரு துப்பாக்கியை வீட்டில் வைத்திருப்பது பாம்பை வைத்திருப்பது போல.

முடிந்ததும் இழுப்பை அளந்தார். ஒன்பதரை பவுண்டு. நான் வீட்டில் சாதித்ததைவிட ஒன்றரை பவுண்டு கூடுதல். ஆனால் கையில் எடுத்து இழுத்தபோது என் 8 பவுண்டைவிட அது இலகுவாக இருந்தது. இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள், அதனால் விளக்கிச் சொல்கிறேன். நம் விரலைத் தொந்தரவு செய்வது எடையைவிட எடை மாறுவதுதான். தொடக்கத்தில் 6, நடுவில் ஏதோ சிக்கி 9, பிறகு திடீரென்று 5 என்று ஏறி இறங்கினால் விரல் தடுமாறும், முனை ஆடும். தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே சீராக ஒன்பதரை இருந்தால் விரல் அதைப் பழகிக்கொண்டு மறந்துவிடும். கிணற்றில் தண்ணீர் இறைத்தவர்களுக்கு இது புரியும். எண்ணெய் போட்ட கப்பியில் நிறைகுடம் ஏறிவிடும், துருப்பிடித்த கப்பியில் அரைக்குடமே தோளைப் பிடுங்கும்.

ஸ்பிரிங் மாற்றும் கட்சி கவனிக்காத இன்னொன்று, ட்ரிக்கர் திரும்பி வரும் பயணம். இழுப்பைக் குறைக்கிறேன் என்று திருப்பித் தள்ளும் ஸ்பிரிங்கையும் மெலிதாக்கிவிடுகிறார்கள். சுட்ட பிறகு ட்ரிக்கர் சோம்பலாக முன்னால் வருகிறது. வேகமாகச் சுடுகிறவரின் விரல் அதற்கு முன்பே முன்னால் போய்த் திரும்பிவிடுகிறது, பாதியில் மாட்டிக்கொண்டு எதுவும் நகராது. ரிவால்வர் போட்டி வீரர் ஜெர்ரி மிக்குலெக் 1999இல் ஒரே ரிவால்வரால் ஆறு குண்டு சுட்டு, மறுபடி நிரப்பி, இன்னும் ஆறு சுட்டு, மொத்தம் 2.99 நொடியில் முடித்தார். அந்த வேகத்தில் ஒவ்வொரு இழுப்புக்கும் இடையே ட்ரிக்கர் முழுசாகத் திரும்பி வந்தாக வேண்டும். இலகுவான ட்ரிக்கர் எல்லாம் வேகமான ட்ரிக்கர் ஆகிவிடாது.

'ஆயிரம் தடவை வெறுமனே இழுத்துக்கொண்டே இரு, தானாக வழுவழுப்பாகிவிடும்' என்பது இன்னொரு வாதம். இதில் கால்வாசி உண்மை உண்டு. பிசிறுகள் மழுங்கும், விரலும் பலப்படும், அந்தப் பயிற்சியை நானே செய்கிறேன். ஆனால் தேய்மானத்துக்குக் கண் கிடையாது. எங்கே உரசுகிறதோ அங்கே தேய்க்கும், உரசக்கூடாத இடத்திலும் தேய்க்கும். மெலிந்த நாக்கை அது தடிப்பாக்காது, இன்னும் மெலிதாக்கும். என் நான்காவது அறையை ஆயிரம் இழுப்பு எங்கே கொண்டுபோய் விட்டிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

'கை வைத்த துப்பாக்கியால் தற்காப்புக்குச் சுட்டால் நீதிமன்றத்தில் மாட்டிக்கொள்வாய், மயிரிழையில் வெடிக்கும்படி மாற்றினாய் என்று வக்கீல் கேட்பார்' என்று பயமுறுத்துகிறவர்களும் உண்டு. பயம் நியாயமானதுதான், ஆனால் அது யாரைக் குறித்த பயம் என்று பார்க்க வேண்டும். ஹேமரை ஏற்றி வைத்து, தொட்டாலே விழும்படி இலகுவாக்கிய ட்ரிக்கர்தான் அந்த ஆபத்து. நல்ல கன்ஸ்மித் அதைச் செய்வதே இல்லை. தற்காப்புக்கு என்று சொன்னால், ஹேமரை ஏற்றி வைக்கவே முடியாதபடி, இழுத்து மட்டுமே சுடும்படி மாற்றித் தருகிறேன் என்பார். லாஸ் ஏஞ்சலஸ் காவல்துறை தன் ரிவால்வர்களை அப்படித்தான் மாற்றி வைத்திருந்தது. அதுவும் கன்ஸ்மித் வேலைதான். சமையலறை மேசையில் ஸ்பிரிங்கை மெலிதாக்கியவர்தான் வக்கீலின் கேள்விக்குப் பதில் தேட வேண்டும்.

எல்லோரும் உடனே கன்ஸ்மித்திடம் ஓடுங்கள் என்று நான் சொல்லவில்லை. புதிதாக வரும் ரிவால்வர்களில் ஆறு அறையும் சரியாகப் பூட்டிக்கொண்டு, ஒழுங்காக இழுக்கக்கூடியவையும் உண்டு. அப்படி அமைந்தால் சும்மா விட்டுவிடுங்கள். நேர்மையான கன்ஸ்மித்தும் அதையே சொல்லித் திருப்பி அனுப்புவார். போட்டிக்கு மட்டும் என்றால், மென்மையான ப்ரைமர் கொண்ட ஃபெடரல் தோட்டாவை மட்டுமே போடுவேன் என்று முடிவெடுத்து இழுப்பை 6 பவுண்டுக்குக் கீழே இறக்கிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். எதை விட்டுக் கொடுத்து எதை வாங்குகிறோம் என்று தெரிந்து செய்வது அது. என் கன்ஸ்மித் பெரியவர் எடுத்த எடுப்பில் தோட்டாவைப் பற்றிக் கேட்டதும் இதனால்தான்.

கன்ஸ்மித் என்று பலகை மாட்டியவர் எல்லாம் கைதேர்ந்தவர் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். கெட்டுப்போன வேலைகளைப் பார்த்துவிட்டு 'கன்ஸ்மித்தே வேண்டாம்' என்கிறவர்களின் கோபம் புரிகிறது. ஒரு பல் மருத்துவர் தப்பான பல்லைப் பிடுங்கினார் என்பதற்காக நாமே குறடு எடுப்பதில்லையே. கொலராடோவில் டிரினிடாட் கல்லூரி 1947 முதல் இந்தத் தொழிலைக் கற்றுக் கொடுக்கிறது. ஜெர்ரி குன்ஹவுசன் எழுதிய பட்டறைக் கையேடுகள் இருக்கின்றன. 'புத்தகம்தான் இருக்கே, நாமே பார்த்துச் செய்யலாமே' என்று அதே தம்பி ஒருமுறை கேட்டார். பதம் பார்த்து இறக்கச் சொல்லும் சமையல் புத்தகம் பதத்தை நம் விரலுக்குள் வைத்துவிடுமா? கல்லில் இன்னும் ஓர் இழுப்பா, இத்தோடு நிறுத்துவதா என்பதைக் கையேடு சொல்லாது. தேய்த்ததைத் திருப்பி ஒட்டவும் முடியாது.

நல்லவரை அடையாளம் காண ஒரே வழிதான் எனக்குத் தெரியும். 'எத்தனை பவுண்டுக்குக் குறைக்க வேண்டும்?' என்று ஆரம்பிக்கிறவரிடமிருந்து துப்பாக்கியைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள். 'என்ன தோட்டா, எதற்காகச் சுடுகிறீர்கள்?' என்று கேட்டுவிட்டு, அளக்கும் சாமான்களை முதலில் எடுக்கிறவரிடம் விட்டுவிட்டு வாருங்கள். எத்தனை மாதம் ஆனாலும் காத்திருங்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குத் திரும்புகிறேன். தம்பியிடம் வாதாடாமல் என் ரிவால்வரைக் காலி செய்து கையில் கொடுத்தேன். இலக்கு மண்மேட்டைப் பார்த்து நாலைந்து முறை இழுத்தார்.

"எந்த கிட்டுண்ணே போட்டிருக்காரு?"

"கம்பெனி ஸ்பிரிங்தான் தம்பி."

அவர் மறுபடி இழுத்துப் பார்த்தார். பிறகு தன்னுடையதை எடுத்தார். பெரியவர் செய்தது போலவே விரலைச் சிலிண்டரில் வைத்து மெதுவாக ஹேமரை ஏற்றச் சொன்னேன். ஆறும் பூட்டின, நல்ல துப்பாக்கி. அப்போதுதான் எனக்கு வேறொன்று தோன்றியது. ஸ்மித் அண்ட் வெஸன் வகை ரிவால்வர்களில் பக்கத் தகட்டுக்கு உள்ளே ஒரு மெல்லிய எஃகுப் பட்டை உண்டு. ட்ரிக்கர் இழுக்கப்படாத வரை அது ஹேமருக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் நின்றுகொள்ளும். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், கப்பலில் கீழே விழுந்த ஒரு ரிவால்வர் வெடித்து ஒரு மாலுமி இறந்தார். அதற்குப் பிறகு அந்த நிறுவனம் புதிதாக வடிவமைத்துச் சேர்த்தது அந்தப் பட்டையை. தகட்டைத் திறக்கும்போது நழுவி விழுந்துவிடும். திரும்ப வைக்க மறந்தாலும் துப்பாக்கி ஒழுங்காகச் சுடும், இழுப்பிலும் வித்தியாசம் தெரியாது. மறந்தவருக்கு மறந்தது தெரியவே தெரியாது.

"ஸ்பிரிங் மாத்தும்போது தகட்டுக்குள்ள ஒல்லியா ஒரு பட்டை இருந்துச்சே, அதைத் திருப்பி வச்சீங்களா?" என்று கேட்டேன்.

யோசித்தார். "வீடியோல அதைப் பத்தி ஒண்ணும் சொல்லலையேண்ணே" என்றார்.

ராத்திரி ஒன்பது மணிக்கு போன் வந்தது.

"அண்ணே, ஸ்பிரிங் வந்த கவருக்குள்ளயே கிடக்கு."

அதை வைத்துப் பூட்டும்வரை அதில் ஒரு தோட்டாகூடப் போடாதீர்கள் என்று சொல்லிவிட்டு, பெரியவரின் நம்பரைக் கொடுத்தேன்.